அம்மாவுக்கு வாசித்துக் காட்டியவை

2025 ஆகஸ்ட் 4, திங்கள்

காலையிலேயே புது வேலை வந்துவிட்டது. மருந்து ஆய்வில் சேருபவர்களுக்கான ஒப்புதல் படிவம், 18 பக்கம். என்ன மருந்து, எந்த ஊர் ஆஸ்பத்திரி என்பதெல்லாம் வெளியே சொல்லக் கூடாது. ஆங்கிலத்திலிருந்து தமிழுக்குக் கொண்டுவர வேண்டும் என்று பழக்கத்தில் எழுதப் போனேன். தமிழ் ஏற்கெனவே அதில் இருக்கிறது. ஏஐ மொழிபெயர்த்து வைத்துவிட்டது, நான் திருத்திக் கொடுக்க வேண்டும். போஸ்ட் எடிட்டிங் என்று பெயர். மூன்று வருஷத்துக்கு முன்னால் சொல்லுக்கு ஒரு ரூபாய் எண்பது காசு வாங்கினேன். இப்போது எழுபது காசு. ஒரு நாளைக்கு 2,000 சொல் செய்த இடத்தில் 6,000 கேட்கிறார்கள்.

இந்தப் படிவங்கள் மேல் எனக்குத் தனிப் பாசம் உண்டு. எழுதப் படிக்கத் தெரியாத நோயாளி என்றால் இதை அவருக்கு வாசித்துக் காட்ட வேண்டும், ஆய்வோடு சம்பந்தமில்லாத ஒரு சாட்சி கூடவே இருக்க வேண்டும். 2019-இல் வந்த மருந்து ஆய்வு விதிகளிலும் அப்படித்தான் இருக்கிறது. ஆக, காதில் விழுந்ததை வைத்துத்தான் ஒருவர் கைநாட்டு வைக்கிறார். அதனால் முன்பெல்லாம் ஒவ்வொரு படிவத்தையும் முடித்ததும் அம்மாவுக்கு வாசித்துக் காட்டுவேன். அம்மா ஐந்தாம் வகுப்பு வரை படித்தவர். அவருக்குப் புரிந்தால் அனுப்பலாம்.

ஒன்றரை வருஷமாக வாசித்துக் காட்டவில்லை. நேரம் இல்லை.

2025 ஆகஸ்ட் 6, புதன்

இன்று நடந்ததை நினைத்தால் இப்போதும் கை நடுங்குகிறது.

சாயங்காலம் கரண்ட் போய்விட்டது. லேப்டாப்பில் சார்ஜ் இருந்தது, நெட் இல்லை. படிவம் முடிந்து அனுப்பத் தயாராக இருந்தது. வாசலில் அம்மா பக்கத்தில் உட்கார்ந்து, சும்மா இருப்பானேன் என்று வாசிக்க ஆரம்பித்தேன். ஏழாம் பக்கத்தில் அம்மா கையைப் பிடித்து நிறுத்தினார்.

"அப்ப சுகர் மாத்திரையை நிறுத்திடணுமா?"

"இல்லம்மா, நிறுத்தக் கூடாதுன்னுதான் போட்டிருக்கு."

"நீ அப்படி வாசிக்கலையே."

திரும்பப் பார்த்தேன். ஆங்கிலத்தில் இருந்தது இதுதான்: ஆய்வு மருத்துவர் நிறுத்தச் சொன்னால் ஒழிய, வழக்கமாகச் சாப்பிடும் மருந்துகளை நிறுத்தாதீர்கள். தமிழில் இருந்தது: "ஆய்வு மருத்துவர் கூறும் வரை உங்கள் வழக்கமான மருந்துகளை எடுத்துக்கொள்ள வேண்டாம்." தலைகீழ். இந்த வரியை நான் இரண்டு தடவை பார்த்திருக்கிறேன். அடுத்த வரியில் ஒரு காற்புள்ளியைக்கூட எடுத்திருக்கிறேன்.

முன்பு இயந்திரம் தப்புச் செய்தால் சோற்றில் கல் மாதிரி உடனே பல்லில் கடிபடும். மலப் பரிசோதனை வர வேண்டிய இடத்தில் முக்காலி வந்து நிற்கும், ஆங்கிலத்தில் இரண்டுக்கும் ஸ்டூல் என்றுதானே சொல். இப்போது வரும் தமிழ் வழுவழுவென்று இருக்கிறது. அடுத்து எந்தச் சொல் வரப் பொருத்தம் என்று பார்த்துப் பார்த்துக் கோப்பதால், தப்பான வாக்கியமும் சரியான வாக்கியத்தின் ஓசையோடு வருகிறது. தமிழிலோ வேண்டும், வேண்டாம் என்பது வாக்கியத்தின் கடைசியில் இருக்கிறது. கண் அங்கே போய்ச் சேர்வதற்குள் அடுத்த வரிக்குத் தாவிவிடுகிறது.

சர்க்கரை நோயாளி ஒருவர் இதைக் கேட்டு மாத்திரையை நிறுத்தியிருந்தால்? தமிழை வேறொருவர் மறுபடி ஆங்கிலத்துக்கு மாற்றி ஒப்பிட்டுப் பார்ப்பார்கள், அங்கே பிடிபட்டிருக்கலாம். அந்த மறுமொழிபெயர்ப்பையும் இப்போது யார் செய்கிறார்கள், எது செய்கிறது என்று எனக்குத் தெரியாது.

2025 ஆகஸ்ட் 10, ஞாயிறு

அக்கா மகள் சென்னையிலிருந்து பேசினாள். மெடிக்கல் கோடிங் வேலை. அமெரிக்க டாக்டர்கள் எழுதும் குறிப்புகளைப் படித்து, நோய்க்கும் சிகிச்சைக்கும் உரிய குறியீட்டைப் போட வேண்டும். இப்போது குறியீட்டை இயந்திரமே போட்டுவிடுகிறது, இவள் சரிபார்க்கிறாள். என் கதையேதான்.

ஆனால் அவள் பேச வந்தது வேறு. "சித்தி, சொன்னா சிரிக்காதீங்க," என்று ஆரம்பித்தாள். ஒரு வருஷமாக ராத்திரி ஷிப்ட் முடிந்ததும் ஒரு ஏஐயோடு பேசிக்கொண்டிருந்திருக்கிறாள். போன வியாழக்கிழமை, 7-ஆம் தேதி, புதுப் பதிப்பு வந்து பழையதை எடுத்துவிட்டார்கள். "அது பேசுற விதமே மாறிடுச்சு சித்தி," என்று சொல்லும்போது குரல் உடைந்துவிட்டது. உலகம் முழுக்க எத்தனையோ பேர் இதற்காக வருந்தியிருக்கிறார்கள். பணம் கட்டுபவர்களுக்குப் பழையதைத் திருப்பிக் கொடுக்கும் அளவுக்குக் கூச்சல் ஆகியிருக்கிறது.

நான் சிரிக்கவில்லை. 1966-இல் ஜோசப் வைசன்பாம் எலிஸா என்று ஒரு நிரல் எழுதினார். நாம் சொன்னதையே கேள்வியாக்கித் திருப்பிக் கேட்கும், அவ்வளவுதான். அவர் அதை உருவாக்குவதைக் கூடவே இருந்து பார்த்த அவருடைய செயலாளர், கொஞ்ச நேரம் பேசியதும் அவரை அறையை விட்டு வெளியே போகச் சொன்னாராம். வெறும் நிரல் என்று தெரிந்தும் மனசு அப்படித்தான் போகும். இவளுடைய டீமில் எட்டுப் பேர் இருந்தார்கள், ஒன்றாகப் போய் டீ குடிப்பார்கள். இப்போது இவள் ஒரு அறையில் தனியாக.

"ராத்திரி எனக்குப் போன் பண்ணு," என்றேன்.

"நீங்க தூங்குவீங்களே சித்தி."

அது தூங்காது. அதற்கு என்னிடம் பதில் இல்லை. சத்தத்தைக் கூட்டி, போனைத் தலைமாட்டில் வைத்திருக்கிறேன்.

2025 ஆகஸ்ட் 14, வியாழன்

என் கண் ஏன் அந்த வரியைத் தவறவிட்டது என்று எட்டு நாளாக யோசித்துக்கொண்டிருந்தேன். இந்த வாரம் லான்செட் குழுமத்தின் இரைப்பை குடல் இதழில் போலந்து ஆய்வு ஒன்று வெளியாகியிருக்கிறது. பெருங்குடலுக்குள் கேமரா விட்டுப் பார்க்கும் டாக்டர்கள், புற்றுநோயாக மாறக்கூடிய கட்டிகளைக் கண்டுபிடிக்க ஏஐயைப் பயன்படுத்த ஆரம்பித்தார்கள். அப்புறம் ஏஐ இல்லாமல் அவர்கள் பார்த்த பரிசோதனைகளை எடுத்து ஒப்பிட்டிருக்கிறார்கள். முன்பு 28.4 சதவீத பரிசோதனைகளில் கட்டி கண்டுபிடித்தவர்கள், ஏஐ வந்து மூன்று மாதத்துக்குள் 22.4 சதவீதத்துக்கு இறங்கிவிட்டார்கள். எல்லாரும் 2,000 பரிசோதனைக்கு மேல் செய்த கைதேர்ந்தவர்கள். காரணம் ஏஐதான் என்று ஒரே ஆய்வை வைத்து அடித்துச் சொல்ல முடியாது. ஆனால் எனக்கு என் ஏழாம் பக்கம்தான் ஞாபகம் வந்தது.

லிசான் பெயின்பிரிட்ஜ் என்ற உளவியலாளர் இதை 1983-லேயே எழுதிவிட்டார். தொழிற்சாலைகளைப் பற்றி எழுதியது அது. சுலபமான வேலையை இயந்திரத்துக்குக் கொடுத்துவிட்டு, அது தடுமாறும்போது மட்டும் மனிதர் கை கொடுக்க வேண்டும் என்று வைக்கிறோம். தினமும் செய்யாத கைக்கு அந்த நேரத்தில் மட்டும் திறமை எங்கிருந்து வரும்?

2025 ஆகஸ்ட் 18, திங்கள்

ஒரு முடிவு எடுத்தேன். படிவத்தில் உயிரான பக்கங்கள் என்று நான்கைந்து இருக்கும்: என்ன ஆபத்து, எப்போது விலகலாம், மருந்து எப்படி ஒதுக்கப்படும். அந்தப் பக்கங்களுக்கு மட்டும் இயந்திரத்தின் தமிழைப் பார்க்காமல், ஆங்கிலத்தை வைத்து நானே முதலில் தாளில் எழுதுவது.

உட்கார்ந்தேன். வரவில்லை. பதினாறு வருஷம் இதே தொழில், ஒரு வாக்கியம் வரவில்லை. "சீரற்ற முறையில் ஒதுக்கப்படுவீர்கள்" என்று இயந்திரம் எப்போதும் போடும் வரிதான் தலைக்குள் ஓடுகிறது. சீரற்ற என்றால் எங்கள் பக்கத்தில் ஒழுங்கில்லாதது என்றுதான் கேட்கும். எந்த நோயாளி ஒழுங்கில்லாத வைத்தியத்துக்குச் சம்மதிப்பார்? இதற்கு நான் முன்பு வேறு ஏதோ எழுதியிருக்கிறேன். அது என்ன?

முக்கால் மணி நேரம் கழித்து வந்தது: "உங்களுக்கு எந்த மருந்து என்பதை டாக்டரோ நீங்களோ தேர்ந்தெடுக்க முடியாது. பூவா தலையா போட்டுப் பார்ப்பது போல அது முடிவாகும்."

தொலைந்துபோன சாவி கிடைத்த மாதிரி இருந்தது. சமையலறைக்கு ஓடிப்போய் அம்மாவிடம் வாசித்தேன். "சரி, புரியுது," என்று சொல்லிவிட்டு வெங்காயத்தைத் தொடர்ந்து நறுக்கினார்.

2025 ஆகஸ்ட் 27, புதன்

பிள்ளையார் சதுர்த்தி. கொழுக்கட்டை ஆனது, வேலையும் ஆனது. நான் கையால் எழுதிய பக்கங்களை இன்று இயந்திரத்திடம் கொடுத்து, மூலத்தோடு ஒத்துப்பார்க்கச் சொன்னேன். 28 நாள் என்பதை ஓரிடத்தில் 14 என்று எழுதியிருந்தேன், பிடித்துக் கொடுத்தது. மனசார நன்றி சொன்னேன். எண்ணும் பெயரும் விட்டுப்போகாமல் பார்ப்பதற்கு அதைப் போல ஆள் கிடையாது. முதலில் எழுதுவது நான், அப்புறம் பார்ப்பது அது. இந்த வரிசையில் வேலை செய்த நாட்களில் ராத்திரி நன்றாகத் தூங்குகிறேன்.

வருமானம் இந்த மாதம் மூன்றில் ஒரு பங்கு குறையும். ஒப்புதல் படிவங்களுக்குத் தனி விலையும், வாசித்துக் காட்டுவதற்கு ஒரு நாள் கூடுதலும் கேட்டு ஏஜென்சிக்கு மெயில் போட்டிருக்கிறேன்.

2025 செப்டம்பர் 4, வியாழன்

பதில் வந்தது. விலை அப்படியேதான். ஒரு நாள் கூடுதலாகத் தருகிறார்களாம்.

இன்று அம்மாவுக்கு வாசித்தது விலகும் உரிமை உள்ள பக்கம். "எப்போது வேண்டுமானாலும் விலகிக்கொள்ளலாம். விலகினாலும் இந்த ஆஸ்பத்திரியில் உங்களுக்கு வழக்கமாகக் கிடைக்கும் வைத்தியம் குறையாது."

அம்மா கொஞ்ச நேரம் பேசவில்லை. அப்புறம் கேட்டார். "நடுவுல விட்டுட்டு வந்தா, அந்த டாக்டர் கோவிச்சுக்க மாட்டாரா?"

இந்தக் கேள்விக்கு மூலத்தில் பதில் இல்லை. இல்லாததை நான் சேர்க்கக் கூடாது. ஆனால் பலர் பிடிக்காமலே ஆய்வில் தொடர்வது இந்தப் பயத்தால்தான் இருக்கும் என்று தோன்றியது. மொழிபெயர்ப்பாளர் சந்தேகம் கேட்கும் தாளில் எழுதினேன்: "பக்கம் 9, பத்தி 2. விலகினால் மருத்துவர் வருத்தப்பட மாட்டார் என்று ஒரு வரி மூலத்திலேயே சேர்க்க முடியுமா? வாசித்துக் காட்டியபோது கேட்பவருக்கு இந்தச் சந்தேகம் வந்தது."

அனுப்பியாயிற்று. மணி பதினொன்று. அக்கா மகள் போன் அடிக்கிறது.