உம்மம்மா கட்டிலில் பிறந்த திண்ணை பெஞ்சு

கீழக்கரையில் ஒரு பழைய வீட்டை இடிக்கப்போகிறார்கள் என்ற பேச்சு எழுந்தாலே போதும், கடப்பாரைக்காரர் வருவதற்கு முன்னால் மரக்காரர் வந்து நின்றுவிடுவார். நிலை, கதவு, உத்திரம், ஜன்னல் என்று விரல் மடக்கி எண்ணிக்கொண்டே வீட்டைச் சுற்றி வருவார். எங்கள் உம்மம்மா, அதாவது உம்மாவின் உம்மா, வீட்டுக்கும் அப்படி ஒருவர் வந்தார். எல்லாவற்றுக்கும் விலை சொன்னவர், பின்னறையில் கிடந்த கட்டிலைக் காலால் ஓர் எத்து எத்திப் பார்த்துவிட்டு, "இது வெறும் விறகு. வேணும்னா சேர்த்துத் தூக்கிட்டுப் போயிடுறேன்" என்றார்.

விறகென்று வாயால் சொல்லிக்கொண்டே கை தூக்கப் பார்க்கிறது என்றால் அங்கே என்னவோ இருக்கிறது. பெரிய லாத்தாவிடம், அதாவது பெரிய அக்காவிடம், அப்போதே சொல்லிவிட்டேன்: "லாத்தா, மத்த பங்கெல்லாம் அப்புறம் பேசிக்குவோம். கட்டில் எனக்கு."

எங்கள் ஊரில் வீடு பெண்பிள்ளைக்குத்தான். கல்யாணமானதும் மாப்பிள்ளை பெண் வீட்டுக்கு வருவார். அதனால் கட்டில், பெட்டகம், அலமாரி எல்லாம் தாயிடமிருந்து மகளுக்கு என்று ஒரே கூரைக்குள்ளேயே கைமாறிக்கொண்டிருக்கும், இடம் மாறாது. இந்தக் கட்டில் உம்மம்மாவின் உம்மாவுக்காக வந்தது. அவருடைய வாப்பா ரங்கூனில் கடை வைத்திருந்தவர். 1942 மார்ச்சில் ஜப்பான்காரன் ரங்கூனைப் பிடித்ததும் அந்தப் போக்குவரத்து நின்றுபோனது. ஆகவே அதற்கு முன்பே வந்திருக்க வேண்டும் என்று கணக்குப் போட்டுக்கொள்கிறோம். மரம் பர்மா தேக்கு. பர்மா தேக்கு இப்போது அங்கிருந்து முன்போல வருவதும் இல்லை. முழு மரமாக ஏற்றுமதி செய்வதை மியான்மர் 2014 ஏப்ரல் 1-ல் நிறுத்திவிட்டது. ஆகவே இந்தப் பக்கத்துப் பழைய வீடுகளில் கிடப்பதுதான் கையிருப்பு.

கட்டில் இருந்த நிலையைச் சொல்லிவிடுகிறேன். நான்கு காலும் கடைசல் பிடித்தவை. கொசுவலை கட்டுவதற்காக நான்கும் மேலே கம்பமாக நீண்டு, உச்சியில் பித்தளைக் குமிழோடு முடியும். தலைமாட்டிலும் கால்மாட்டிலும் வரிசையாகக் கடைசல் குச்சிகள். படுக்கும் பலகைகளைக் கரையான் தின்று முடித்திருந்தது. அவை எப்போதோ மாற்றிப்போட்ட மட்டமான மரம், தேக்கு இல்லை. இவ்வளவுக்கும் மேலே, யாரோ ஒரு புண்ணியவான் கட்டில் முழுக்கப் பச்சை எனாமல் அடித்து வைத்திருந்தார்.

இதை என்ன செய்வது என்று கேட்டவுடன் குடும்பமே ஆசாரியாகிவிட்டது. மச்சான் துபாயிலிருந்து வீடியோ காலில் டிவி ஸ்டாண்டு என்றார். லாத்தா மகள் போனில் படம் படமாகக் காட்டி, வெள்ளை பெயிண்ட் அடித்து ஓரத்தை உரசிவிட்டால் 'விண்டேஜ் லுக்' வரும் என்றாள். எண்பது வருஷத்துக்கு மேல் பழசான மரத்துக்குப் பெயிண்ட் அடித்துப் பழசாக்குவதா என்று கேட்டேன், கோபித்துக்கொண்டாள். சின்னப் பிள்ளைகள் உள்ள வீட்டில் பழைய எனாமலை உரசுவதைப் பற்றித் தனியாகச் சொல்ல வேண்டியிருக்கிறது, பிறகு வருகிறேன்.

ராமநாதபுரத்திலிருந்து வந்த ஆசாரி அண்ணன் யாருடைய படத்தையும் பார்க்கவில்லை. திண்ணையில் கட்டிலைப் பிரித்துப் பரப்பினார். உளியின் முனையால் ஒவ்வொரு துண்டையும் குத்திப் பார்த்தார். நல்ல இடத்தில் உளி இறங்க மறுக்கும், உளுத்த இடத்தில் பொத்தென்று போகும். காலின் உள்பக்கம் ஓரிடத்தில் மரம் வெளிறியிருந்தது, அங்கே மட்டும் குண்டூசித் தலை அளவு ஓட்டைகள், அதிலிருந்து மைதா மாவு போல் பொடி உதிர்ந்தது. "வைரம் பாஞ்ச எடத்துல பூச்சி வராது தாயி. இந்த வெளுப்புல மட்டும்தான் தின்னுருக்கு" என்று அதைச் செதுக்கித் தள்ளினார். கடைசியில் நல்ல துண்டுகள் என்று ஒரு பக்கம் ஒதுங்கியவை: தலைமாடு முழுசாக, கால்மாடு முழுசாக, நீளவாட்டுச் சட்டம் இரண்டு. "இது பெஞ்சுக்குன்னே இருக்கு" என்றார். எனக்கும் பார்த்தவுடன் தெரிந்துவிட்டது. நாலடி அகலத் தலைமாடு அப்படியே முதுகுச் சாய்வு. கால்மாட்டை நடுவில் வெட்டினால் இரண்டு கைப்பிடி. நீளச் சட்டம் ஒன்று முன்பக்கத்துக்கு.

வேலையில் பாதி நேரம் போனது இரும்பை வெளியே எடுப்பதில்தான். இதைக் கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன், கடற்கரையில் பழைய மரச்சாமான் வாங்குகிறவர்கள் பாலிஷைப் பார்க்கிறார்கள், இதைப் பார்ப்பதில்லை.

கட்டிலில் தலைமாட்டுக் குச்சிகள், குறுக்குச் சட்டங்கள் எல்லாம் கழுந்தும் (துளைக்குள் இறங்கும் முனை) துளையுமாகச் சேர்த்து, மூங்கில் ஆணி அடித்தவை. இத்தனை வருஷத்துக் கச்சான் காற்றுக்கும் வாடைக்காற்றுக்கும் ஒரு கழுந்துகூட அசையவில்லை. ஆனால் நீளச் சட்டம் காலோடு சேரும் நான்கு இடத்தில் மட்டும் இரும்பு போல்ட். கட்டிலைக் கழற்றி மாட்ட அது தேவை. அந்த நான்கு இடமும் கெட்டிருந்தது. உப்புக்காற்றில் இரும்பு துருப்பிடிக்கும்போது வெறுமனே அரித்துப்போவதில்லை, ஊதிப்போகிறது. இரும்பைவிடத் துருவுக்கு இடம் அதிகம் வேண்டும். உள்ளே இடமில்லாததால் மரத்தைப் பிளந்துகொண்டு வழி தேடும். எங்கள் கட்டிலின் தலைமாட்டுக் கால் ஒன்றில் போல்டிலிருந்து மேல்நோக்கி ஒரு சாண் நீளத்துக்கு விரிசல். சுற்றிலும் மை கொட்டினாற்போலக் கறுப்பு. இரும்பும் மரத்திலுள்ள துவர்ப்புச் சத்தும் ஈரத்தில் சேர்ந்தால் அப்படிக் கறுக்கும்.

போல்டைத் திருகினால் தலை மட்டும் கையோடு வந்துவிடும். ஆசாரி அண்ணன் மண்ணெண்ணெய் ஊற்றி ராத்திரி முழுக்க ஊறவிட்டார். மறுநாள் போல்டின் நுனியைச் சின்ன பர்னரில் சூடாக்கி, மரத்தில் படாமல் ஈரத்துணி சுற்றி, ஆற விட்டு, கொட்டாப்புளியால் (மரச்சுத்தியல்) மெதுவாகத் தட்டினார். சூட்டில் இரும்பு விரிந்து சுருங்கும்போது துருவின் பிடி விடும். மூன்று அசைந்தன. நான்காவது அசையவில்லை, சுற்றித் துளை போட்டுத் தோண்டித்தான் எடுத்தார். ஓட்டைகளை அதே தேக்கில் தக்கை செய்து, ரேகை திசை பார்த்து அடைத்தார். விரிசலுக்குள் எபாக்சி பசை இறக்கி இறுக்கிக் கட்டி வைத்தார்.

கறுப்புக் கறைக்கு ஹார்டுவேர் கடையில் ஆக்ஸாலிக் ஆசிட் தூள் கிடைக்கும். வெந்நீரில் கரைத்துத் தடவினால் இரும்புக் கறை வெளுத்துவிடும். விஷம், கையுறை கட்டாயம். வேலை முடிந்ததும் நன்றாகக் கழுவ வேண்டும். கைப்பிடிப் பக்கம் கறையை எடுத்தேன். பின்பக்கம் சுவரைப் பார்த்து இருப்பதால் அப்படியே விட்டுவிட்டேன்.

புதிதாக அடிக்க வேண்டிய இடங்களுக்கு ஆணியே கிடையாது என்று ஆசாரி அண்ணன் சொல்லிவிட்டார். பழையபடி கழுந்து, மூங்கில் ஆணி. அடியில் நாலைந்து இடத்தில் மட்டும் பித்தளை ஸ்குரு. பித்தளை மென்மையானது, தேக்கில் நேராக முறுக்கினால் கழுத்து ஒடிந்துவிடும். முதலில் துளை போட்டு, அதே அளவு இரும்பு ஸ்குருவை ஒருமுறை முறுக்கிப் பாதை செய்து, அதைக் கழற்றிவிட்டு, சோப்பில் தேய்த்த பித்தளையை உள்ளே விட வேண்டும். ஸ்டெயின்லெஸ் ஸ்டீல் வேண்டுமென்றால் 316 ரகம் என்று கேட்டு வாங்குங்கள். கடைகளில் சாதாரணமாகத் தருவது 304. கடல் ஓரத்தில் அதுகூடப் பழுப்பாகப் புள்ளி விடும்.

இப்போது அந்தப் பச்சை எனாமல். பழைய பெயிண்ட்களில் ஈயம் இருந்திருக்க வாய்ப்பு அதிகம். வீட்டுப் பெயிண்டில் ஈயம் 90 பிபிஎம்-க்கு (பத்து லட்சத்தில் 90 பங்கு) மேல் இருக்கக்கூடாது என்று இந்தியாவில் விதி போட்டதே 2016-ல்தான். ஆகவே பழைய பெயிண்டை மெஷினில் வைத்து வறட்டு உரசல் உரசினால் அந்தத் தூசியை வீட்டிலுள்ள குழந்தைகள்தான் சுவாசிக்கும். நான் பிள்ளைகளை லாத்தா வீட்டுக்கு அனுப்பிவிட்டு, வெளிவாசலில் செய்தித்தாள் விரித்து, பெயிண்ட் ரிமூவர் பூசி, ஊறியதும் ஈரத்தோடு சுரண்டினேன். சுரண்டியதை அப்படியே தாளோடு சுருட்டிக் கட்டிப் போட்டோம். முகத்தில் மாஸ்க். தேக்குத் தூசியே சிலருக்குத் தும்மலும் அரிப்பும் கொடுக்கும்.

பச்சைக்கு அடியில் பழுப்பாக ஒரு பூச்சு. ஒரு துணியில் ஸ்பிரிட் நனைத்துத் தேய்த்தேன், பிசுபிசுவென்று கரைந்து வந்தது. அப்படிக் கரைந்தால் அது அரக்குப் பாலிஷ். ஸ்பிரிட்டிலேயே துடைத்து எடுத்துவிடலாம், மரத்தைச் சீவ வேண்டாம். பித்தளைக் குமிழ்களைப் புளி போட்டுத் தேய்த்தது உம்மா. எனக்குக் கொடுக்கவே இல்லை.

கால்மாட்டை வெட்டிய அன்று எல்லோரும் வந்து நின்றார்கள். அதில் ஒன்பது குச்சி. நடுக்குச்சியைக் கழற்றிவிட்டு அந்த இடத்தில் ரம்பம் வைத்தார் ஆசாரி அண்ணன். பக்கத்துக்கு நான்கு குச்சியோடு இரண்டு துண்டு. எண்பது வருஷம் மூடிக்கிடந்த வெட்டுவாயிலிருந்து தேக்கு மணம் எழுந்தது, எண்ணெயும் தோலும் கலந்தாற்போல. உள்ளே மரம் தேன் நிறம். அந்த எண்ணெய்ப் பசைதான் தேக்கைக் காப்பாற்றுகிறது, அதுவே பசை ஒட்டவிடாமலும் செய்கிறது. ஒட்டுவதற்குச் சற்று முன்பு வெட்டுவாயைத் தின்னரில் துடைத்துவிட்டுத்தான் பசை தடவினார்.

உட்காரும் இடத்துக்கு என்ன போடுவது என்பதில் எனக்குச் சந்தேகமே இருக்கவில்லை. ஃபோம் மெத்தை இந்த ஊர் ஈரத்தில் புளித்துப்போகும். பலகை போடலாம், ஆனால் சித்திரை மாதப் புழுக்கத்தில் முதுகும் தொடையும் ஒட்டும். எங்கள் ஜில்லாவில் பனைக்கா பஞ்சம்? சாயல்குடிப் பக்கத்திலிருந்து நார்க்கட்டில் பின்னும் பெரியவர் ஒருவரை வரவழைத்தோம். இரண்டாவது நீளச் சட்டத்தை வாட்டத்தில் இரண்டாகக் கிழித்து, நாலடிக்கு இருபது அங்குலத்தில் தனிச் சட்டம் ஒன்று செய்திருந்தோம். நாரை அதன்மேல் பின்னி, பெஞ்சுக்குள் இறக்கி வைத்தால் போதும். நார் தளர்ந்தாலோ அறுந்தாலோ சட்டத்தை மட்டும் தூக்கி எடுத்துப் புதிதாகப் பின்னிக்கொள்ளலாம்.

பனை மட்டையில் கிழித்த நாரை அவர் தண்ணீரில் ஊறப்போட்டார். ஈரத்தோடு பின்னினால்தான் வளையும், காயும்போது தானே இறுகும். ஒவ்வொரு வரிசையையும் கட்டைவிரலால் நெருக்கி, முட்டிக்காலைச் சட்டத்தில் ஊன்றி இழுப்பார். நான் இழுத்துப் பார்த்த வரிசையை ஒன்றும் சொல்லாமல் அவிழ்த்துவிட்டு மறுபடி போட்டார். "ஐயா, சாயம் போட்ட நார் நடுவுல ரெண்டு ஓட்டம் விடலாமா?" என்று கேட்டதற்கு, "சாயம் உங்க வெள்ளைத் துணியில ஏறும்மா" என்றார். சரி, வேண்டாம்.

பாலிஷ் விஷயத்தில் ஆசாரி அண்ணனுக்கும் எனக்கும் ஒத்துவரவில்லை. அவருக்கு அரக்கில் ஃபிரெஞ்ச் பாலிஷ் போட்டுக் கண்ணாடி மாதிரி ஆக்க ஆசை. அறைக்குள் வைப்பதென்றால் சம்மதித்திருப்பேன். திண்ணையில் அரக்கு ஈரம் பட்டால் வெள்ளை பூக்கும். டீ கிளாஸ் வைத்தால் வட்டம் விழும். வார்னிஷோ வெயிலில் உரியும், உரிந்தால் மொத்தத்தையும் சுரண்ட வேண்டும். காய்ச்சிய ஆளிவிதை எண்ணெய் மெல்லிசாகத் தேய்த்து, ஊறாமல் மிஞ்சியதைத் துடைத்துவிட்டோம். மங்கினால் துணியால் மறுபடி ஒரு கை. "வள்ளத்துக்கு அந்தக் காலத்துல மீன் எண்ணெய் பூசுவாங்க, அதைப் போடலாமா?" என்று கிண்டல் பண்ணினார். தெருப் பூனையெல்லாம் பெஞ்சில்தான் குடியிருக்கும். ஒரு முக்கியமான விஷயம்: இந்த எண்ணெய் துடைத்த துணியைக் கசக்கி மூலையில் போட்டுவிடாதீர்கள். காயும்போது தானாகச் சூடேறித் தீப்பிடிக்கும். கொடியில் விரித்துக் காயப்போடுங்கள், அல்லது தண்ணீரில் அமுக்கி வையுங்கள்.

செலவைக் கேட்பவர்களுக்கு: மரத்துக்குக் காசு இல்லை என்பதால் லாபம். கூலி, நார், பின்னல், பித்தளை, எண்ணெய் எல்லாம் சேர்த்தால் கடையில் ஒரு ரப்பர்வுட் சோஃபா வாங்கும் காசு ஆகிவிட்டது. மரத்தையும் விலைக்கு வாங்குகிறவர் என்றால் யோசித்துச் செய்யுங்கள். காரைக்குடி முனீஸ்வரன் கோவில் தெருவுக்குப் போனால் இந்த மாதிரிக் கடைசல் கால்கள் நிறையப் பார்க்கலாம், ஆனால் அவர்களுக்கு அதன் விலை நன்றாகத் தெரியும்.

இப்போது மிச்சம் இருப்பது கொசுவலைக் கம்பத்தின் மேல்துண்டுகள் நான்கும், இரண்டடிச் சட்டம் ஒன்றும். கம்பம் இரண்டு தனக்கு என்று பெரிய லாத்தா சொல்லிவிட்டார். பெஞ்சு முடிகிறவரை கட்டிலின் பக்கம் எட்டிப் பார்க்காதவர். வாசலில் புர்கா மாட்டும் ஸ்டாண்டு செய்ய வேண்டுமாம். ஆசாரி அண்ணன் அடுத்த வாரம் வருகிறேன் என்றிருக்கிறார். அதற்குள் சுவரின் அளவை எடுத்து அனுப்பாவிட்டால் நான்கும் எனக்குத்தான் என்று லாத்தாவிடம் சொல்லிவைத்திருக்கிறேன்.