பட்டியலில் எழுதாத பெயர்

கணினி அச்சுக்கோப்புப் பயிற்சிக்கு யார் யாரை அனுப்பலாம் என்று 1993 இல் எங்கள் அச்சக நிர்வாகம் என்னிடம்தான் பட்டியல் கேட்டது. ஐந்து பெயர்களை எழுதிக் கொடுத்தேன். ஈய எழுத்துகளை ஒவ்வொன்றாக எடுத்துக் கோக்கும் கம்பாசிட்டர்களில், எங்கள் பிரிவிலேயே கை தேர்ந்தவரின் பெயரை எழுதவில்லை. அவருக்கு அப்போது வயது 52. முப்பது ஆண்டுகளாக ஈய எழுத்துகளோடு வாழ்ந்தவரை, நேற்று வந்த பிள்ளைகளுக்கு நடுவே விசைப்பலகையின் முன் உட்காரவைத்துக் கூச்சப்படுத்த வேண்டாம் என்று நினைத்தேன். அது உண்மையான இரக்கம்தான் என்று இன்றும் நம்புகிறேன். ஆனால், இளைஞர்களை அனுப்பிவிட்டால் பின்னால் நிர்வாகத்துக்குப் பதில் சொல்ல வேண்டியிருக்காது என்ற கணக்கும் அதில் கலந்திருந்ததை மறுக்க முடியவில்லை.

மறுநாள் காலையில் என் மேசை அருகே வந்து நின்றார்.

"சார், லிஸ்ட்ல என் பேரு விட்டுப்போச்சா?"

"விட்டுப்போகல அண்ணே. இந்த வயசுல உங்களுக்கு எதுக்கு அந்தச் சிரமம்னுதான்..."

"சிரமமா இல்லையான்னு என்னை ஒரு வார்த்தை கேட்டிருக்கலாம். 78ல எழுத்தே மாறிச்சு. அப்ப நான் மாறலையா?"

நான் பதில் சொல்லவில்லை. அவரும் காத்திருக்கவில்லை.

அவர் சொன்னதன் கனம் அச்சுக்கூடத்தில் இருந்தவர்களுக்குத்தான் முழுமையாகப் புரியும். 1978 அக்டோபரில் தமிழ்நாடு அரசு பெரியாரின் எழுத்துச் சீர்திருத்தத்தில் ஒரு பகுதியை ஏற்று ஆணையிட்டபோது 13 எழுத்துகளின் வடிவம் மாறியது. படிப்பவருக்கு அது கண் பழக வேண்டிய மாற்றம். கம்பாசிட்டருக்கோ கை பழக வேண்டிய மாற்றம். பழைய லைகாரத்துக்கும் னைகாரத்துக்கும் தும்பிக்கைபோல் வளைந்த தனி அச்சு உண்டு. எழுத்துகளைப் பிரித்து வைக்கும் பெட்டியான கேஸில் அதற்குத் தனி அறை உண்டு. பார்க்காமலேயே விரல் அங்கே போய்விடும். புதிய முறையிலோ சங்கிலிக் கொம்பை ஓர் அறையிலிருந்தும் லகரத்தை இன்னோர் அறையிலிருந்தும் எடுத்து, வரி கோக்கும் கைச்சட்டமான ஸ்டிக்கில் அடுக்க வேண்டும். பழகிய விரலைத் திருப்புவது புதிதாகப் பழகுவதைவிடக் கடினம். அதை அவர் செய்து முடித்தவர். அது எனக்கும் தெரிந்திருந்தது.

நான் அனுப்பிய ஐவரில் இருவர் தாக்குப்பிடிக்கவில்லை. அவர்களைக் காட்டி, அவரை அனுப்பாதது சரிதான் என்று நெடுங்காலம் எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். அந்த இருவரும் முப்பது வயதைத் தாண்டாதவர்கள் என்பதை மட்டும் அந்த வாதத்தில் சேர்த்துக்கொள்ளவில்லை. அவரை பைண்டிங் பிரிவுக்கு மாற்றினோம். சம்பளம் குறையவில்லை, அதையும் எனக்குச் சாதகமாகவே எண்ணிக்கொண்டேன். கேஸ்களில் இருந்த எழுத்துகளையெல்லாம் பழைய ஈய விலைக்கு எடைபோட்டு விற்ற நாளில், மடித்த அச்சுத்தாள்களை அவர் தைத்துக்கொண்டிருந்தார். ஒருமுறைகூடத் தராசுப் பக்கம் திரும்பவில்லை.

பல ஆண்டுகள் கழித்து, எல்லா மொழிகளுக்கும் பொதுவான கணினி எழுத்துக் குறியீடான யூனிகோடுக்கு நாங்கள் மாறியபோதுதான் எனக்கு இன்னொன்று உறைத்தது. யூனிகோடில் 'கெ' என்ற எழுத்துக்குக் கொம்பு கண்ணுக்கு முன்னால் நின்றாலும், கணினிக்குள் ககரமே முதலில் பதிவாகிறது. அதற்கு முன் எங்களிடம் இருந்த எழுத்துருக்களிலோ, தட்டச்சுப்பொறி முறைப்படி, கொம்பைத்தான் முதலில் தட்ட வேண்டும். அவர் ஸ்டிக்கில் அடுக்கிய வரிசையும் அதுவே. யாருக்குச் சிரமமாக இருக்கும் என்று நான் ஒதுக்கினேனோ, அவருடைய கைக்கு மிக நெருக்கமாகத்தான் அந்த முதல் கணினி வந்து சேர்ந்திருந்தது.

ஒருவேளை, திரையைப் பார்த்துக்கொண்டே வேலை செய்ய அவர் கண் ஒத்துழைத்திருக்காது. ஒருவேளை, நான் கேட்டிருந்தாலே போதும், "வேண்டாம் சார்" என்று அவரே சிரித்துவிட்டுப் போயிருப்பார். இப்படித்தான் சில இரவுகளில் மனத்தைச் சமாதானப்படுத்துகிறேன். பிறகு, இப்போதும் அவருக்காக நானே பதில் சொல்லிக்கொண்டிருப்பது தெரிந்து, எழுந்து உட்கார்ந்துவிடுகிறேன்.