வாசிக்க வராத பிள்ளையும் உளவியல் ரெக்கார்டும்

பி.எட். வகுப்பில் உளவியல் செய்முறைத் தேர்வு நெருங்கும் வாரத்தில், பரிசோதனை எண்கள் ஒரு நோட்டிலிருந்து இன்னொரு நோட்டுக்கு நகரும். முல்லர்–லயர் காட்சிப் பிழை, கவன வீச்சு, கண்ணாடி வரைதல், பொருளற்ற அசைகளை நினைவில் வைத்தல் என்று தலைப்புகள் மாறுவதில்லை. சராசரிகளும் பெரிதாக மாறுவதில்லை. மதிப்பெண் கிடைத்துவிடும். ஆனால் அதே மாணவர் நீலகிரியில் கூடலூர்ப் பக்கமோ கோத்தகிரிப் பக்கமோ கற்பித்தல் பயிற்சிக்குப் போய், ஆறாம் வகுப்பில் வாசிக்க வராத ஒரு பிள்ளையின் எதிரே உட்காரும்போது என்ன செய்வதென்று தெரியாது. உளவியலையும் கல்வியியலையும் சேர்த்துப் படிப்பவருக்கு வேறு எது வந்தாலும் வராவிட்டாலும், ஒரு பிள்ளையைப் பற்றி முடிவு சொல்லும் முன் எதை, எந்த வரிசையில் பார்ப்பது என்ற பழக்கம் வந்தாக வேண்டும். அந்தப் பழக்கம் தொடங்க வேண்டிய இடம் ரெக்கார்ட் நோட்டுதான் என்பதால் அதிலிருந்தே ஆரம்பிக்கலாம்.

கண்ணாடி வரைதலை எடுத்துக்கொள்வோம். இரட்டைக் கோட்டில் ஒரு நட்சத்திரம், கையை மறைக்கும் தடுப்பு, எதிரே செங்குத்தாக ஒரு கண்ணாடி. கையை நேராகப் பார்க்காமல், கண்ணாடியில் தெரிவதை மட்டும் பார்த்து இரு கோடுகளுக்கு நடுவே பென்சிலை ஓட்ட வேண்டும். ஒரு கையின் பயிற்சி மறு கைக்குப் போகிறதா என்று பார்க்க, முதலில் இடது கையால் ஒரு முறை, பிறகு வலது கையால் பத்து முறை, கடைசியில் மறுபடி இடது கையால் ஒரு முறை. எடுத்த நேரத்தையும் பிழைகளையும் தனித்தனியே குறிக்க வேண்டும். பெரும்பாலும் கெடுவது பிழை எண்ணிக்கையில். கோட்டைத் தொட்டாலே பிழையா, தாண்டினால்தான் பிழையா, தாண்டிவிட்டுத் திரும்பி வந்தால் ஒன்றா இரண்டா என்பதை முன்கூட்டியே எழுதி வைக்காவிட்டால், முதல் முறையை ஒரு விதியிலும் கடைசி முறையை இன்னொரு விதியிலும் எண்ணுவோம். தடுப்பு தாழ்ந்து கை தெரிந்துவிடுவது இன்னொரு கோளாறு. பத்து முறையையும் மூச்சுவிடாமல் செய்ய வைத்தால் கை களைத்துக் கடைசி முறைகளில் நேரம் கூடும். அதைப் பார்த்துவிட்டுக் கற்றல் நின்றுவிட்டது என்று எழுதுவார்கள். நடுவில் வலது கைப் பயிற்சி இல்லாமல் சும்மா இருந்த ஒருவரின் இடது கை எண்களும் கட்டாயம் வேண்டும். அவை இல்லையென்றால், இடது கையின் முன்னேற்றம் வலது கையிடமிருந்து வந்ததா, முதல் முறை செய்து பார்த்ததாலேயே வந்ததா என்று பிரிக்க வழியில்லை.

இந்தப் பரிசோதனையை உண்மையாகச் செய்தவருக்கு இன்னொன்றும் கிடைக்கும். மூளை சொல்வதைக் கை கேட்காதபோது வரும் எரிச்சலை அவர் வளர்ந்த வயதில் மறுபடி அனுபவிக்கிறார். ‘ஞ’வை எழுதத் தெரியாமல் தாளைக் கிழித்துப்போடும் பிள்ளையிடம் அதற்குப் பிறகு அவர் பேசும் குரலே வேறாக இருக்கும். நோட்டைப் பார்த்து எழுதியவர் இழப்பது இதைத்தான்.

எண்களைச் சொல்லி, பிள்ளையைத் திருப்பிச் சொல்ல வைக்கும் எண் நினைவுச் சோதனையில் வேறு வகைச் சிக்கல். ஒரு நொடிக்கு ஓர் இலக்கம் என்று, ஏற்ற இறக்கம் இல்லாத குரலில் சொல்ல வேண்டும். இரண்டிரண்டாகச் சேர்த்து ராகம் போட்டால் பிள்ளைக்கு உதவி செய்துவிடுகிறோம். ஒரே நேரத்தில் எத்தனை நினைவில் நிற்கும் என்பதற்கு 1956-ல் உளவியலாளர் ஜார்ஜ் மில்லர் எழுதிய ‘ஏழு, கூட்டியோ குறைத்தோ இரண்டு’ எல்லோருக்கும் மனப்பாடம். ஆனால் 1975-ல் ஆலன் பேட்லியும் உடன் ஆய்வாளர்களும் காட்டியதை யாரும் ரெக்கார்டில் சேர்ப்பதில்லை: சொல்ல அதிக நேரம் எடுக்கும் சொற்கள் குறைவாகவே நினைவில் நிற்கும். அப்படியானால் எண்ணை எந்த மொழியில் சொன்னோம் என்பது முடிவை மாற்றும். வீட்டில் ஒரு மொழி, பள்ளியில் தமிழ், கணக்குக்கு மட்டும் ஆங்கில எண்கள் என்று இருக்கும் பிள்ளைக்கு எந்த மொழியில் எண்கள் சொன்னோம் என்பதைத் தாளின் தலைப்பிலேயே குறிக்க வேண்டும்.

நீலகிரியில் இது சின்ன விஷயமில்லை. படுகர், தோடா, கோத்தா, இருளர், குறும்பர், பணியர், காட்டுநாயக்கர் வீடுகளில் பேசுவது பாடநூல் தமிழ் அல்ல. படுகர் மொழி கன்னடத்துக்கும் பணியர் மொழி மலையாளத்துக்கும் நெருக்கமானவை. 1964 சிறிமா–சாஸ்திரி ஒப்பந்தத்துக்குப் பின் இலங்கையிலிருந்து வந்த குடும்பங்களின் தமிழிலும் தனிச் சொற்களும் தொனியும் உண்டு. பயிற்சி ஆசிரியர் சமவெளியிலிருந்து வந்தவராக இருந்தால், பிள்ளை தயங்குவது பதில் தெரியாததாலா, கேள்வி புரியாததாலா என்று அவருக்குப் பிரித்தறிய முடியாது. பழனி மலையின் பளியர் குடியிருப்புகளை ஒட்டிய பள்ளிகளுக்கும் இது பொருந்தும்.

நுண்ணறிவுச் சோதனைகளைப் பற்றிச் சுருக்கமாகச் சொல்லிவிடலாம். ராவனின் வண்ண அணிச் சோதனையில் 36 உருப்படிகள், 12 வீதம் மூன்று தொகுதிகள். சொல் தேவையில்லை என்பதால் மலைப் பள்ளிக்குப் பொருந்தும் என்ற எண்ணம் பரவலாக இருக்கிறது. ஆனால் அதில் வருவதுபோல் படத்தில் விடுபட்ட துண்டைத் தேடுவதும் அச்சிட்ட தாளில் பழகிய பிள்ளைக்கே எளிது. சி.எம். பாட்டியா 1955-ல் வெளியிட்ட செயல் சோதனைத் தொகுப்பில் எழுத்தறிந்தவர்களுக்கும் அறியாதவர்களுக்கும் தனித்தனி நியமங்கள் (மதிப்பெண்ணை ஒப்பிட்டுப் பார்க்கும் அளவுகள்) வைத்தார். பள்ளிப் பழக்கம் மதிப்பெண்ணைப் பாதிக்கும் என்று அவருக்குத் தெரிந்திருந்தது. ஜெராக்ஸ் எடுத்த தாளில் ஒரு மதியம் நடத்திய சோதனையை வைத்துப் பிள்ளையின் பெயருக்கு எதிரே ‘மந்தம்’ என்று எழுதுவது தவறு. பி.எட். மாணவருக்கு அப்படி எழுதும் தகுதியும் கிடையாது. சோதனையை எப்படி நடத்துவது என்று கற்றுக்கொள்ளலாம், எண்ணைத் தன் நோட்டில் வைத்துக்கொள்ளலாம், பள்ளிக்குக் கொடுக்கக் கூடாது.

இனி அந்த ஆறாம் வகுப்புப் பிள்ளை.

முதலில் கண்ணும் காதும். வராந்தாவில் ஆறு மீட்டர் அளந்து, ஆங்கில ‘E’ வடிவ எழுத்து அட்டையை மாட்டி, ஒவ்வொரு கண்ணாகப் பார்க்க வேண்டும். மறு கண்ணை உள்ளங்கையால் மூடச் சொல்லுங்கள். விரலால் மூடினால் இடுக்கு வழியே பார்க்கும், அழுத்தினால் சற்று நேரம் மங்கும். மூடுபனி இறங்கும் பிற்பகலில் செய்யாமல் வெளிச்சமான காலையில் செய்வது நல்லது. காதுக்கு, பிள்ளையின் பின்னால் ஒரு கை தூரத்தில் நின்று மெல்லிய குரலில் பழக்கமான சொற்களைச் சொல்லித் திருப்பிச் சொல்லச் சொல்லலாம். இது மருத்துவப் பரிசோதனை ஆகாது. சந்தேகம் வந்தால் மருத்துவமனைக்கு அனுப்பக் காரணம் கிடைக்கும், அவ்வளவே. குளிரிலும் மழையிலும் சளி பிடித்து நடுக்காதில் நீர் கட்டிய பிள்ளைக்குக் கேட்பது சில வாரம் குறையும், பிறகு தேறும். முதல் வகுப்பில் அப்படிச் சில வாரங்கள் போயிருந்தால் ‘ல’, ‘ள’, ‘ழ’ பிரியாமலே நின்றிருக்கும்.

அடுத்து வருகைப் பதிவேடு. மொத்த நாட்களைக் கூட்டிப் பயனில்லை, மாதவாரியாகப் பார்க்க வேண்டும். கூடலூர், பந்தலூர் பக்கம் ஜூன் முதல் தென்மேற்குப் பருவமழை. குன்னூர், கோத்தகிரிப் பக்கம் அக்டோபர் முதல் வடகிழக்கு. மழை விடுமுறை, மண் சரிந்த சாலை, யானை நடமாட்டம் உள்ள வழி எல்லாம் சேர்ந்தால் வராத நாட்கள் சில மாதங்களில் குவியும். அந்த மாதங்களில் எந்தப் பாடம் நடந்தது என்று ஒப்பிட்டால், பிள்ளைக்குத் தெரியாத பகுதி பல நேரம் அங்கேயே கிடைக்கும். கீழ்ப்பழனியில் காப்பிப் பழம் பறிக்கும் மாதங்களுக்கும் இதே கணக்கைப் போட்டுப் பார்க்கலாம்.

பிறகுதான் வாசிப்பு. மற்ற பிள்ளைகள் இல்லாத இடத்தில், பக்கத்தில் உட்கார்ந்து. பதினொரு வயதுப் பிள்ளையிடம் ‘அம்மா, ஆடு’ அட்டையை நீட்டினால் அவமானம். சொற்கள் எளிதாகவும் படங்கள் வயதுக்கேற்றும் இருக்க வேண்டும். இருபது எழுத்துகளை அகரவரிசையில் இல்லாமல் கலைத்துக் காட்டுங்கள். வரிசையில் வைத்தால் மனப்பாடம் வாசிக்கும். பத்து எளிய சொற்கள், உயிர்மெய்க் குறிகள் உள்ள பத்துச் சொற்கள், பாடநூலில் இல்லாத நான்கு வரி. சரி, தவறு என்று குறிப்பதைவிடப் பிள்ளை சொன்னதை அப்படியே எழுதிக்கொள்வதே முக்கியம். ‘கோவில்’ என்பதைக் ‘காவில்’ என்று வாசித்தால், இரட்டைக் கொம்பைப் பிள்ளை பார்க்கவில்லை, காலை மட்டும் பார்க்கிறது. தமிழில் கொம்பு எழுத்துக்கு முன்னால் நிற்கும், ஒலி பின்னால் வரும். ‘கொ’, ‘கோ’வில் எழுத்தின் இரு பக்கமும் குறி நிற்கும். ‘கு’, ‘டு’, ‘து’, ‘பு’ என்று உகரக் குறியின் உருவமோ எழுத்துக்கு எழுத்து வேறு. இவை பிள்ளைகள் இடறும் இயல்பான இடங்கள். இவற்றை வைத்து மட்டும் கற்றல் குறைபாடு என்று சொல்லிவிடக் கூடாது. ‘பால்’ என்ற சொல்லைப் பார்த்துப் படுகர் வீட்டுப் பிள்ளை ‘ஹாலு’ என்று சொன்னால், சொல்லைப் புரிந்துகொண்டு தன் மொழியில் சொல்லியிருக்கிறது. அதைப் பிழைப் பட்டியலில் சேர்க்காமல் தனியாகக் குறித்து வைக்க வேண்டும்.

சோதிப்பவர் செய்யும் தவறு ஒன்று உண்டு. பிள்ளை சரியாகச் சொல்லும்போது தலையாட்டுவார், தவறினால் அசையாமல் இருப்பார். பிள்ளை எழுத்தை விட்டுவிட்டு அவர் முகத்தை வாசிக்கத் தொடங்கிவிடும். பார்வை தாளில் இருக்கட்டும். எல்லாவற்றுக்கும் ஒரே ‘ம்’ போதும்.

இத்தனையும் பார்த்து, தவறிய எழுத்துகளை ஆறு முதல் எட்டு வாரம் தினம் இருபது நிமிடம் சொல்லிக் கொடுத்தும் அசைவில்லை என்றால் அடுத்த படிக்குப் போகலாம். 2016 மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம் பட்டியலிடும் 21 வகைகளில் குறிப்பிட்ட கற்றல் குறைபாடும் ஒன்று. 2018-ல் வந்த மத்திய அரசின் வழிகாட்டுதல், மூன்றாம் வகுப்பில் அல்லது எட்டு வயதில், எது முந்தியதோ அப்போது, ஆசிரியர் முதற்கட்டமாகக் கண்டறிய வேண்டும் என்றது. உறுதி செய்வது மருத்துவக் குழுவின் வேலை. வட்டார வள மையத்தின் சிறப்பாசிரியரிடம் வெறும் பெயரைக் கொடுக்காமல், மேலே சொன்ன தாள்களை எல்லாம் இணைத்துக் கொடுத்தால் அவருக்குப் பாதி வேலை குறையும்.

வகுப்பில் யாருக்கு யார் நண்பர் என்று பார்க்கும் மொரேனோவின் முறை பெரிய பள்ளிக்கு நல்ல கருவி. பன்னிரண்டு பிள்ளைகளும் அண்ணன் தம்பி, மாமன் மக்களாக இருக்கும் எஸ்டேட் பள்ளியில் அந்த வரைபடம் உறவு முறையைத்தான் காட்டும். அங்கே மதிய உணவு வரிசையில் யார் பக்கத்தில் யார் உட்காருகிறார்கள் என்று ஒரு வாரம் கவனிப்பது மேல். எங்கே செய்தாலும் ‘யாரைப் பிடிக்காது’ என்று கேட்கவே கூடாது. எழுதிய பிள்ளைகள் வெளியே போய்ப் பேசுவார்கள், மாலைக்குள் ஒரு பிள்ளை தனியாக நிற்கும்.

ஆலோசனைப் பயிற்சியில் ஒரு வாக்கியத்தை நாக்கிலிருந்தே எடுத்துவிட வேண்டும்: “யாருகிட்டயும் சொல்ல மாட்டேன், சொல்லு.” 2012 போக்சோ சட்டத்தின் 19-ஆம் பிரிவுப்படி, குழந்தைக்கு எதிரான பாலியல் குற்றம் தெரியவந்தவர் காவல்துறைக்குத் தெரிவித்தே ஆக வேண்டும், பயிற்சி மாணவருக்கும் விலக்கில்லை. “உனக்கு ஆபத்துன்னா உதவி செய்றவங்ககிட்ட மட்டும் சொல்லுவேன்” என்று தொடக்கத்திலேயே சொல்லிவிடுவதே நேர்மை. 1098 என்ற குழந்தைகள் உதவி எண்ணைப் பிள்ளைகளுக்கும் தெரியும்படி கரும்பலகை ஓரத்தில் எழுதி வைக்கலாம்.

இந்தப் படிப்பில் சேர விரும்புவோருக்குச் சில நடைமுறைச் செய்திகள். தமிழ்நாட்டில் உளவியல் இளங்கலை மட்டும் வைத்துக்கொண்டு பி.எட். சேர முடியாது, அந்தப் பாடத்தில் முதுகலையும் கேட்பார்கள். அந்தந்த ஆண்டின் சேர்க்கைக் குறிப்பேட்டைப் பார்த்துவிட்டு இளங்கலையைத் தேர்ந்தெடுங்கள். மருத்துவ உளவியலாளர் என்று பெயர்ப்பலகை மாட்ட இந்திய மறுவாழ்வுக் கழகத்தின் பதிவு வேண்டும், அதற்கான படிப்பு தனி. தேசிய ஆசிரியர் கல்விக் குழுமத்தின் 2014 விதிமுறைகளுக்குப் பின் பி.எட். இரண்டு ஆண்டுகள், அதில் 20 வாரம் பள்ளியில். அந்த வாரங்களில் சிலவற்றையாவது மலைப் பள்ளியில் கழிக்கக் கேட்டு வாங்குவது நல்லது.

கடைசியில் பெற்றோர். தோட்டத்தில் இலை எடை போட்டு முடிந்து வீடு திரும்பும் நேரத்தில்தான் அம்மாவைப் பார்க்க முடியும். அவர் முதலில் கேட்பது பெரும்பாலும் இதுதான்: “டீச்சர், இவனுக்குப் படிப்பே ஏறலையா?” பதிலில் உளவியல் சொல் ஒன்றுகூட வேண்டாம். “ஏறுதுக்கா. எழுத்தெல்லாம் தெரியுது, கொம்பு போட்ட எழுத்துலதான் தடுமாறுறான். தினமும் அஞ்சு சொல்லு எழுதித் தர்றேன், ராத்திரி உங்களுக்கு வாசிச்சுக் காட்டட்டும். உங்களுக்குப் படிக்கத் தெரியாட்டியும் பரவால்ல, கேட்டுட்டு இருந்தாப் போதும்.” அந்த ஐந்து சொற்களையும் பெரிய எழுத்தில், ஒரே தாளில், வீட்டுப் பொருட்களின் பெயர்களாக எழுதிக் கொடுங்கள். ஒரு வாரம் கழித்து அதே தாளைக் கேட்டு வாங்கி, எந்தச் சொல்லில் நின்றான் என்று அம்மாவையே கேளுங்கள்.