ஏற்றமும் வற்றமும்: ஓத ஆற்றில் கயாக் மீன்பிடிப்பு நாட்குறிப்பு

ஜனவரி 10, 2026, சனிக்கிழமை

வரும் 18ஆம் தேதி ஆற்றில் இறங்குவது என்று முடிவாகிவிட்டது. துடுப்பால் செலுத்தும் ஒடுங்கிய சிறு படகுகளான கயாக்குகள் ஆறு, ஏழு பேர். அவற்றில் ஒன்று மட்டும் இருவர் அமரும் கயாக். அதில் ஒரு தம்பதியர் வருகிறார்கள். நேரக் கணக்கைப் பார்த்துக்கொள்ளும் பொறுப்பை என்னிடம் கொடுத்திருப்பதால், இன்று மாலை முழுவதும், கடல்நீர் ஏறி இறங்கும் நேரங்களைச் சொல்லும் ஓத அட்டவணையோடு கழிந்தது.

ஏரியில் துடுப்புப் போடுகிறவர் வெயிலையும் களைப்பையும் பார்த்துக் கரை திரும்பலாம். கடலின் ஏற்றவற்றம் உள்ளே வரை வந்து போகும் ஆற்றில், எப்போது போவது, எப்போது திரும்புவது என்பதைத் தண்ணீர்தான் சொல்லும். ஓர் ஏற்றத்துக்கும் அடுத்த ஏற்றத்துக்கும் இடையே ஏறக்குறைய 12 மணி 25 நிமிடம். ஆகவே இன்று பார்த்த நேரம் நாளைக்குச் சுமார் 50 நிமிடம் தள்ளிப்போகும். 18ஆம் தேதி அமாவாசை. சூரியனும் சந்திரனும் ஒரே கோட்டில் நின்று இழுக்கும் நாட்களை ஒட்டித்தான் நீர் மிக உயரமாக ஏறி, மிகத் தாழ்வாக இறங்கும். இன்று தேய்பிறையின் பாதி நாள். அட்டவணைப்படி ஏற்றத்துக்கும் வற்றத்துக்கும் வேறுபாடு 0.9 மீட்டர்தான். 18ஆம் தேதியன்று அது 2.4 மீட்டர். விடுமுறையைப் பார்த்துத் தேதி குறித்தோமே தவிர தண்ணீரைப் பார்த்துக் குறிக்கவில்லை என்பது எனக்கு உறுத்தலாகவே இருக்கிறது.

இந்த 2.4 மீட்டரும் சீராக இறங்குவதில்லை. பழைய மாலுமிகள் பன்னிரண்டில் ஒரு பங்கு என்று ஒரு கணக்கு வைத்திருந்தார்கள். ஆறு மணி நேரத்தில் முதல் மணிக்கு ஒரு பங்கு, இரண்டாம் மணிக்கு இரண்டு, மூன்றாம் நான்காம் மணிகளுக்கு மூன்று மூன்று, பிறகு இரண்டு, கடைசியில் ஒன்று. அதாவது முதல் மணியில் 20 சென்டிமீட்டர் இறங்கும் நீர், மூன்றாம் மணியில் 60 சென்டிமீட்டர் இறங்கும். ஆற்றின் வேகமும் ஏறக்குறைய அதே கணக்கில்தான் கூடும். இது தோராயமான கணக்குதான் என்றாலும், எந்த மணியில் நங்கூரம் போடக் கூடாது என்பதை முடிவு செய்ய இது போதும்.

ஜனவரி 11, ஞாயிறு

அட்டவணையில் இருப்பது முகத்துவாரத்தின் நேரம். நாங்கள் இறங்கும் துறையோ அங்கிருந்து 11 கிலோமீட்டர் உள்ளே இருக்கிறது. ஏற்றமும் ஓர் அலைதான். அது ஆற்றுக்குள் ஊர்ந்து வர நேரம் எடுக்கும். எவ்வளவு நேரம் என்பதை அறிய, பத்து சென்டிமீட்டருக்கு ஒரு வெட்டு வைத்த கம்பு ஒன்றைத் துறையின் ஓரத்தில் நட்டு, பகல் முழுவதும் அதன் அருகிலேயே இருந்தோம். முகத்துவாரத்தில் பகல் 1.10க்கு முடிய வேண்டிய ஏற்றம், எங்கள் கம்பில் 1.55 வரை ஏறிக்கொண்டே இருந்தது.

காத்திருந்த நேரத்தில் கவிழ்ந்த கயாக்கில் மீண்டும் ஏறும் பயிற்சியை எல்லோரும் செய்தோம். துருவப் பகுதி இனுவிட் மக்கள் கடல்நாய்த் தோல் போர்த்திச் செய்த பழைய கயாக்கில் வேட்டைக்காரரின் இடுப்பும் படகும் ஒன்றாகவே கட்டப்பட்டிருக்கும். கவிழ்ந்தாலும் வெளியே வராமல், துடுப்பை வீசி அப்படியே புரண்டு நிமிர்ந்துவிடுவார்கள். நாங்கள் வைத்திருப்பது மேலே அமரும் வகை. கவிழ்ந்தால் ஆள் தனியே விழுந்துவிடுவார், கயாக் தனியே மிதக்கும். அதைப் புரட்டி நிமிர்த்தி, குறுக்கே கைநீட்டி எதிர்ப்பக்க விளிம்பைப் பிடித்து, உடலை நீர்மட்டத்தில் கிடத்தி, கால்களை அடித்து, வயிறு படகின் மேல் வரும்வரை முன்னேறி, அதன் பிறகுதான் இடுப்பைத் திருப்பி உட்கார வேண்டும். எங்களில் இளையவரான தம்பி நான்கு முறை முயன்றும் ஏற முடியவில்லை. அவர் கைபலத்தால் உடலைத் தூக்கப் பார்த்தார். ஒவ்வொரு முறையும் கயாக் அவர் மேலேயே சாய்ந்தது. "கையை மறந்துடுங்க தம்பி, நீச்சலடிக்கிற மாதிரி காலை மட்டும் அடிங்க" என்று இரட்டைக் கயாக்கில் வரும் அக்கா சொன்ன பிறகு, ஐந்தாவது முறை ஏறிவிட்டார்.

ஜனவரி 17, சனி

காற்று முன்னறிவிப்பைப் பார்த்தேன். காலையில் அமைதி, பதினொரு மணிக்கு மேல் கடலிலிருந்து உள்நோக்கி வீசும். அந்த நேரத்தில் நீர் கடலை நோக்கி வடிந்துகொண்டிருக்கும். நீரும் காற்றும் எதிரெதிரே மோதினால், சிறிய ஆற்றிலும் குட்டையான செங்குத்து அலைகள் எழும். எனவே ஒன்பதரை மணிக்கு நான் மூன்று முறை விசில் ஊதுவது, அதைக் கேட்டதும் எல்லோரும் தூண்டில் நரம்பைச் சுற்றிக்கொண்டு புறப்படுவது என்று பேசி முடித்தோம். யார் முன்னால், யார் கடைசியில் என்பதும் முடிவாயிற்று. ஒருவர் பார்வையிலிருந்து ஒருவர் மறையக் கூடாது.

ஜனவரி 18, ஞாயிறு

காலை ஆறு மணிக்கு இறங்கினோம். ஏற்றம் இன்னும் இரண்டு மணி நேரம் மிச்சமிருந்ததால், துடுப்பை மெதுவாகப் போட்டாலே ஆறு எங்களை உள்ளே கொண்டுபோனது. நான்கு கிலோமீட்டர் தொலைவில் அலையாத்திக் காட்டுக்குள் பிரியும் ஓடைகளின் வாய்க்கு வந்தபோது மணி ஆறே முக்கால்.

எட்டே காலுக்கு நீர் நின்றது. அது நின்று திரும்பும் சில நிமிடங்களில் நான் பார்த்ததை விரிவாகவே எழுதி வைக்க வேண்டும். மேலே மிதந்த பழுத்த இலைகளும் நுரையும் முதலில் அசையாமல் கிடந்தன. பிறகு மெல்லக் கடல் பக்கம் நகரத் தொடங்கின. கயாக்கும் அவற்றோடு நகர்ந்தது. ஆனால் ஈயக்குண்டு கட்டி மூன்று மீட்டர் ஆழத்தில் விட்டிருந்த என் நரம்போ, அதற்கு நேரெதிராக ஆற்றின் உட்பக்கம் நோக்கிச் சாய்ந்து நின்றது. உப்பு நீர் கனமானது என்பதால் அது அடியில் புகுந்து வருகிறது. நன்னீர் அதன் மேல் மிதந்து போகிறது. மேல்நீர் திரும்பிய பிறகும் அடிநீர் சிறிது நேரம் உள்ளே ஏறிக்கொண்டுதான் இருக்கும். ஒரே ஆறு ஒரே நேரத்தில் இரண்டு திசையில் ஓடுவதை விரல் நுனியில் ஒரு நரம்பின் வழியாக உணர்ந்தது, இன்று பிடித்த எந்த மீனையும்விட எனக்குப் பெரிதாகத் தோன்றுகிறது.

வற்றம் தொடங்கியதும் ஓடைகளின் வாய் உயிர் பெற்றது. ஏற்றத்தின்போது வேர்களுக்கிடையே புகுந்த இறாலும் மடவைக் குஞ்சுகளும் நீரோடு வெளியே வந்தாக வேண்டும். கொடுவா மீன் அதைத் தெரிந்து, மூழ்கிய மரத்தின் பின்னாலோ திட்டின் முனைக்குப் பின்னாலோ, வேகம் குறைந்த நீரில் ஓட்டத்தை எதிர்நோக்கித் தலைவைத்து நிற்கும். ஆகவே மீன் நிற்கும் இடத்தில் லூரை, அதாவது செயற்கை இரையை, போடக் கூடாது; ஓட்டம் வரும் பக்கத்தில் சற்று முன்னால் போட்டு, ஓட்டத்தோடு இறங்கி வரவிட வேண்டும். 8.50க்கு எனக்கு முதல் மீன், 58 சென்டிமீட்டர். செவுள் மூடியின் விளிம்பு கத்திபோல இருக்கும் என்பதால், கையை நனைத்துக்கொண்டு கீழ்த்தாடையை மட்டும் பிடித்துத் தூக்கினேன். சாய்ந்து விழுந்த வெளிச்சத்தில் அதன் கண் தணல்போல ஒளிர்ந்தது.

எங்களில் மூத்தவரான அண்ணனுக்கு 84 சென்டிமீட்டர் மீன் ஒன்று கிடைத்தது. அளந்ததும் அதை நீரிலிருந்து தூக்காமலேயே முள்ளைக் கழற்றி விட்டுவிட்டார். கொடுவா ஆணாகவே முதிர்ந்து, வளர வளரப் பெண்ணாக மாறும் மீன். பெரிய மீனைப் பிடித்து வைப்பது பெரும்பாலும் முட்டையிடும் தாயைப் பிடித்து வைப்பதாகும். அண்ணன் செய்தது சரியென்று நான் முழுமனதோடு நினைக்கிறேன்.

மணி ஒன்பதரை ஆனபோது விசில் என் மார்பில்தான் தொங்கியது. கடிகாரத்தையும் பார்த்தேன். ஆனால் மீன் விடாமல் எடுத்துக்கொண்டிருந்தது. தம்பிக்கு மட்டும் இன்னும் ஒன்றும் கிடைத்திருக்கவில்லை. "இன்னும் ஒரு அரை மணி" என்று நானே சொன்னேன். அந்த அரை மணி, 10.20 வரை நீண்டது. வற்றம் அதன் மூன்றாம் மணிக்குள் வந்துவிட்டது. திரும்பும் வழி நீரோட்டத்தோடுதான், எனவே சிரமமில்லை என்ற எண்ணம்தான் என்னை அசட்டையாக இருக்க வைத்தது.

தம்பி நங்கூரம் போட்டு நின்றிருந்தார். நங்கூரக் கயிறு கயாக்கின் முன்முனையில்தான் இருக்க வேண்டும். முனையில் இருந்தால் ஓட்டம் கயாக்கின் இருபுறமும் பிரிந்து போகும். நடுவில் இருந்தால் முழு ஓட்டமும் பக்கவாட்டில் வந்து மோதும். அவர் கயிற்றை முன்வளையத்திலிருந்து கழற்றி, இழுப்பதற்கு வசதியாக மடியருகே கொண்டுவந்தார். நங்கூரம் அடியில் ஏதோ வேரில் சிக்கியிருந்தது. கயாக் குறுக்காகத் திரும்பியது; ஓட்டம் வரும் பக்கத்து விளிம்பு கீழே அழுந்தியது; ஒரு கண்ணாடித் தகடு மடிவதுபோல நீர் விளிம்பின் மேல் வழிந்தது. நான் "கயிறை விடு" என்று வாயெடுப்பதற்குள் கவிழ்ந்துவிட்டது.

கவிழ்ந்தால் கயாக்கை விடாதே என்றுதான் எல்லோருக்கும் சொல்லிக்கொடுப்போம். தம்பியும் அப்படியே பிடித்துக்கொண்டார். ஆனால் இங்கே கயாக் நங்கூரத்தில் கட்டுண்டு கிடந்தது. அதைப் பிடித்திருந்த அவரை ஓட்டம் அடியில் இழுத்தது. "படகை விடு தம்பி, மல்லாந்து மிதந்து வா" என்று அண்ணன் கத்தினார். அவர் விட்டார். உயிர்காப்பு அங்கி அவரை மேலே கொண்டுவந்தது. கால்களை ஓட்டம் போகும் திசையில் நீட்டி மிதந்து வந்தவரை, சுமார் 150 மீட்டர் தள்ளி, இரட்டைக் கயாக்கின் பின்முனைக் கைப்பிடியைப் பற்றிக்கொள்ளச் செய்தார்கள். நான் ஓட்டத்தின் கீழ்ப்பக்கமிருந்து நெருங்கி, என் அங்கியில் இருந்த கத்தியால் கயிற்றை அறுத்தேன். அவருடைய கத்தி சாமான் பெட்டிக்குள் இருந்தது. பெட்டி ஆற்றுக்குள் போய்விட்டது. தூண்டில் கோலும் நங்கூரமும் போயின. கரையோரத் தேக்கத்தில் அவர் இரண்டாம் முயற்சியிலேயே, காலை அடித்து, மீண்டும் ஏறி உட்கார்ந்தார்.

துறைக்கு வந்தபோது மணி 11.10, காற்று எழத் தொடங்கியிருந்தது. காலையில் நாங்கள் இறங்கிய சாய்தளத்துக்கும் நீருக்கும் இடையே இப்போது இருபது மீட்டர் சேறு. முதலில் கால் வைத்தவர் தொடைவரை புதைந்தார். கயாக்கின் மேல் மார்பைச் சாய்த்து, காலை மெல்ல உருவித்தான் அவர் மீள முடிந்தது. மறுபடி ஏற்றம் வரும்வரை காத்திருந்தால் பல மணி நேரம் ஆகும். தம்பி நனைந்து நடுங்கிக்கொண்டிருந்தார். அக்காதான் வழி கண்டார். ஆறு கயாக்குகளையும் சேற்றின் மேல் ஒன்றன் முன் ஒன்றாகத் தள்ளி, கயிற்றால் பிணைத்து, அவற்றின் மேல் முழங்காலிட்டு ஒவ்வொருவராக ஊர்ந்து கரையேறினோம். பிறகு கரையில் நின்று கயாக்குகளை இழுத்துக்கொண்டோம்.

ஜனவரி 19, திங்கள்

தம்பி தொலைபேசியில் அழைத்தார். "தப்பு என்னுதுதான் அண்ணா, கயிறை நான் கழற்றியிருக்கக் கூடாது" என்றார். கயிறு அவர் கையில் இருந்தது உண்மை. ஆனால் ஒன்பதரை மணிக்கு விசில் ஊதியிருந்தால், அந்தக் கயிற்றின் மேல் அவ்வளவு நீரின் பாரம் இருந்திருக்காது என்று சொன்னேன். எல்லோருக்கும் இதையே எழுதி அனுப்பிவிட்டேன். கூடவே மூன்று மாற்றங்களைக் கேட்டிருக்கிறேன். கத்தி அங்கியில் மட்டுமே இருக்க வேண்டும். நங்கூரக் கயிற்றின் மேல்முனையில் ஒரு மிதவை கட்டி, ஒரே இழுப்பில் அவிழும் முடிச்சு போட வேண்டும். சிக்கினால் கயிற்றை அங்கேயே விட்டுவிட்டு, நீர் நின்ற பிறகு வந்து எடுத்துக்கொள்ளலாம். நேரம் பார்ப்பவர் கையில் தூண்டில் இருக்கக் கூடாது. மூன்றாவதுதான் எனக்கு முக்கியம். மீன் எடுத்துக்கொண்டிருக்கும்போது, தூண்டில் பிடித்திருக்கும் கை விசிலைத் தேடிப் போவதில்லை.

ஜனவரி 24, சனி

முடிச்சுப் பழகினோம். வேறு வேலை இல்லை.

ஜனவரி 25, ஞாயிறு

நாளை வளர்பிறையின் பாதி நாள். நீர் இன்று ஒரு மீட்டருக்கும் குறைவாகவே ஏறியது. ஓடைகள் வரை போகாமல், துறையிலிருந்து ஒன்றரை கிலோமீட்டருக்குள் நின்றுகொண்டோம். திரும்பும்போது ஏற்றத்துக்கு எதிரே துடுப்புப் போட வேண்டியிருந்தாலும், இந்த ஓட்டத்தை எதிர்த்து யாராலும் வர முடியும் என்பதைப் புறப்படும்போதே ஒவ்வொருவரும் சிறிது தூரம் போட்டுப் பார்த்து உறுதி செய்துகொண்டோம். அக்கா தூண்டில் இல்லாமல் வந்து நேரம் பார்த்தார். ஓட்டம் மந்தமாக இருந்ததால் மீனும் மந்தமாகவே இருந்தது. தம்பிக்கு 41 சென்டிமீட்டர் கொடுவா ஒன்றும், இரண்டு கெளுத்தியும் கிடைத்தன. கெளுத்தியின் முதுகு முள்ளிலும் பக்க முள்ளிலும் நஞ்சு உண்டு என்பதால், கையால் தொடாமல் இடுக்கியால் தூண்டில் முள்ளைக் கழற்றிவிட்டார். பத்தரைக்கு அக்கா விசில் ஊதினார். பதினொன்று ஐந்துக்கு ஏழு பேரும் கரையில் இருந்தோம்.

கம்பு இன்னும் நட்ட இடத்திலேயே நிற்கிறது. முகத்துவாரத்தில் வற்றம் முடிவது 6.50 என்று அட்டவணை சொன்னது. கம்பில் நீர் 8.10க்குத்தான் கடைசி வெட்டைத் தொட்டு நின்றது. ஏற்றம் 45 நிமிடமே தாமதித்த இதே இடத்தில் வற்றம் 80 நிமிடம் தாமதிக்கிறது. இங்கே நீர் ஏறுவதைவிட வடிவதற்கு அதிக நேரம் எடுத்துக்கொள்கிறது என்பதை இரண்டு எண்களையும் பக்கத்தில் பக்கத்தில் எழுதிய பிறகுதான் கவனித்தேன். அடுத்த முறை பிப்ரவரி 8, ஞாயிறு. தேய்பிறையின் பாதி நாளுக்கு முந்தைய நாள். அதற்குள் இன்னும் நான்கு நாள் கம்பைப் பார்த்துக் குறித்துவிட வேண்டும்.