மேல்மூலைப் பொத்தானும் படமாக வரும் அறிவிப்பும்

நம் நாட்டு அரசு அகப்பக்கங்கள் பலவற்றின் மேல்மூலையில் ஒரு சிறு பொத்தான் இருப்பதைப் பார்த்திருப்பீர்கள். அதை அழுத்தினால் எழுத்தைப் பெரிதாக்கலாம், பின்னணி நிறத்தை மாற்றலாம். மாற்றுத்திறனாளிகளுக்கு என்ன வசதி செய்திருக்கிறீர்கள் என்று ஊராட்சி மன்றத்தில் கேட்டால், பெரும்பாலும் இந்தப் பொத்தானைத்தான் காட்டுகிறார்கள். பார்வை மங்கியவர்களில் பலர் தம் கைப்பேசியிலேயே எழுத்தைப் பெரிதாக்கி வைத்திருக்கிறார்கள். பார்வையே இல்லாதவருக்கோ அந்தப் பொத்தானால் ஒரு பயனும் இல்லை. ஓர் அகப்பக்கம் எல்லாருக்கும் பயன்படுகிறதா என்பதை அதில் கடைசியாக ஏற்றப்பட்ட அறிவிப்பைப் பார்த்தே சொல்லிவிடலாம் என்பது என் கருத்து.

செம்பனைத் தோட்டங்கள் சூழ்ந்த இந்தச் சிறு நகரில் நான் ஒரு போட்டோஸ்டேட் கடை நடத்துகிறேன். நகல் எடுக்க வருகிறவர்களைவிட, பாரம் நிரப்பவும் கடிதம் வாசித்துக் காட்டவும் கேட்டு வருகிறவர்களே அதிகம். தோட்டத்தில் பால்மரம் சீவியும் குலை வெட்டியும் ஓய்வுபெற்று, லயத்தைவிட்டுத் தாமான் வீடுகளுக்கு வந்த தலைமுறை அது. 2019ஆம் ஆண்டின் தேசிய சுகாதார ஆய்வின்படி மலேசியாவில் 18 வயதைக் கடந்தவர்களில் 18.3 விழுக்காட்டினருக்கு இனிப்புநீர் இருந்தது; இந்தியர்களிடையே அந்த விகிதம் இன்னும் கூடுதல். இனிப்புநீரால் கண்ணின் விழித்திரை கெட்டு அறுபது வயதில் பார்வை இழப்பவர், பிரெயில் படித்தவர் அல்லர். பயிற்சி நிலையத்துக்குப் போனவரும் அல்லர். மகனோ பேத்தியோ கைப்பேசியில் திறந்துவிட்ட டாக்பேக் என்ற திரைவாசிப்பானின் (திரையில் உள்ளதை வாசித்துச் சொல்லும் வசதியின்) குரல்தான் அவருக்குத் துணை.

அந்தக் குரல் எழுத்தை வாசிக்கும். படத்துக்குள் அச்சான எழுத்தை அப்படியே வாசித்துவிடாது. ஆண்டுக்கு இருமுறை, பிப்ரவரி இறுதிக்குள்ளும் ஆகஸ்டு இறுதிக்குள்ளும் கட்ட வேண்டிய மதிப்பீட்டு வரியைப் பற்றிய அறிவிப்பு எங்கள் ஊராட்சி மன்ற அகப்பக்கத்தில் வண்ணமயமான சுவரொட்டிப் படமாக வருகிறது. கைப்பேசி பெரும்பாலும் அதைப் ‘படம்’ என்று மட்டும் சொல்லும். சில நேரம் கோப்பின் பெயரிலுள்ள எண்களை ஒவ்வொன்றாக ஒப்பிக்கும். தவணை எப்போது, தாமதக் கட்டணம் உண்டா, எந்தக் கவுண்டர் திறந்திருக்கிறது என்பவையெல்லாம் படத்துக்குள்ளேயே அடைபட்டுக் கிடக்கும்.

பிடிஎஃப் கோப்புகளின் நிலையும் இதுதான். அலுவலர் ஒருவர் கணினியில் கடிதத்தைத் தட்டச்சு செய்கிறார். அந்த நேரத்தில் அது திரைவாசிப்பான் எளிதாக வாசிக்கக்கூடிய எழுத்து. பிறகு அதை அச்சிட்டு, கையொப்பமிட்டு, சாப்புக் குத்தி, ஸ்கேன் செய்து ஏற்றுகிறார். ஏற்றப்பட்டது கடிதத்தின் நிழற்படம். ஏற்கெனவே கையிலிருந்த எழுத்தைத் தூக்கி எறிந்துவிட்டு, அதன் புகைப்படத்தைக் கொடுப்பதற்கு இவ்வளவு உழைப்பு! அதே சொற்களைப் படத்தின் கீழே ஒட்டிவிட்டால் போதும். செலவு எதுவும் இல்லை. படத்துக்கு மாற்று உரை, அதாவது படத்துக்குப் பதிலாகத் திரைவாசிப்பான் வாசிக்கும் குறிப்பு, எழுதும்போதும் ‘சுவரொட்டி’ என்று எழுதுவதில் பொருளில்லை. சுவரொட்டி என்ன சொல்கிறதோ அதைத்தான் எழுத வேண்டும்.

வெளியே தெரியாத இன்னொரு கோளாறும் உண்டு. ஒவ்வொரு பக்கமும் எந்த மொழியில் இருக்கிறது என்பதை அதன் நிரலில் குறிப்பிட வேண்டும். ஆங்கில வார்ப்புருவை வாங்கி மலாயில் நிரப்பும் ஒப்பந்தக்காரர் அந்த ஒரு வரியை மாற்ற மறந்துவிட்டால், திரைவாசிப்பான் மலாய்ச் சொற்களை ஆங்கில ஒலிப்பில் வாசித்துக் குழப்பிவிடும். தமிழில் எப்போதாவது வரும் தீபாவளி வாழ்த்தும் டிங்கி எச்சரிக்கையும் படமாகவே வருகின்றன. யூனிகோடு தமிழ் எல்லாக் கைப்பேசிகளிலும் இருக்கும் இந்தக் காலத்தில் அதற்கு என்ன தேவை என்று எனக்கு விளங்கவில்லை.

பாரங்களைப் பற்றிச் சுருக்கமாகச் சொல்கிறேன். எந்தப் பெட்டியில் என்ன எழுத வேண்டும் என்பது நிரலிலும் பெயரிடப்பட்டிருக்க வேண்டும். நேரம் முடிந்துவிட்டது என்று பாதியில் வெளியேற்றும் பக்கம், நேரத்தை நீட்டித்துக்கொள்ள ஒரு வழி தர வேண்டும். விரல் இழந்தவருக்கும் கை நடுங்குபவருக்கும் நெருக்கியடித்த சிறு பொத்தான்கள் பெரும் இடையூறு. 2023 அக்டோபரில் வெளியான டபிள்யூசிஏஜி 2.2 என்னும், அகப்பக்கங்கள் எல்லாருக்கும் பயன்படுவதற்கான பன்னாட்டு நெறிமுறை பொத்தானின் அளவுக்கு 24 பிக்சல் என்று ஒரு குறைந்தபட்சத்தையே வகுத்திருக்கிறது. வெள்ளைப் பின்னணியில் வெளிர்சாம்பல் எழுத்தும் ஆகாது. சாதாரண அளவு எழுத்துக்கும் பின்னணிக்கும் இடையே 4.5க்கு 1 என்ற வெளிச்ச வேறுபாட்டை அந்நெறிமுறை கேட்கிறது.

சட்டம் இல்லாமல் இல்லை. 2008ஆம் ஆண்டின் மாற்றுத்திறனாளிகள் சட்டம், அதாவது 685ஆம் சட்டம், தகவலையும் தொழில்நுட்பத்தையும் மற்றவர்களுக்கு இணையாகப் பெறும் உரிமையை அவர்களுக்கு அளிக்கிறது. மலேசிய சைகை மொழியைக் காது கேளாதோரின் அதிகாரப்பூர்வ மொழியாகவும் ஏற்கிறது. 2010இல் ஐக்கிய நாடுகளின் மாற்றுத்திறனாளிகள் உரிமை உடன்படிக்கையையும் மலேசியா ஏற்றது. ஆனால் அந்தச் சட்டத்தை மீறுவோருக்கு அதில் தண்டனை கிடையாது. ஊராட்சி மன்ற உறுப்பினர்களும் நாம் வாக்களித்துத் தேர்ந்தெடுத்தவர்கள் அல்லர், மாநில அரசு நியமித்தவர்கள். ஆகவே முறையாகக் கேட்பதும் விடாமல் கேட்பதுமே இப்போதைக்கு நமக்குள்ள வழி.

எங்கள் பகுதி உறுப்பினரிடம் நான் எழுத்து மூலம் கேட்டவை மூன்று: அறிவிப்புப் படத்தின் கீழ் அதே செய்தி எழுத்தாகவும் இருக்க வேண்டும், ஸ்கேன் செய்த கடிதத்தோடு மூலக் கோப்பையும் ஏற்ற வேண்டும், புதிய பக்கத்தை வெளியிடுமுன் பார்வையற்ற ஒருவரைக் கொண்டு அதைச் சோதிக்க வேண்டும். மூன்றாவதற்கு ஆள் கிடைக்காது என்று மன்றத்தில் சொன்னார்கள். 1951இல் தொடங்கப்பட்டு, கோலாலம்பூர் பிரிக்ஃபீல்ட்ஸில் இயங்கிவரும் மலேசியப் பார்வையற்றோர் சங்கத்தை எடுத்துச் சொன்னேன். ஆள் கிடைக்கும்வரை காத்திருக்கவும் வேண்டியதில்லை. என்விடிஏ என்ற திரைவாசிப்பான் இலவசமாகவே கிடைக்கிறது. மவுசை ஒதுக்கிவிட்டு டேப் விசையால் மட்டும் வரி கட்டும் பக்கத்தைக் கடந்து பார்த்தாலே பாதிக் குறை தெரிந்துவிடும். ஒப்பந்தக்காரரிடம் கேட்டுச் சொல்கிறோம் என்பது அவர்கள் பதில். அறிவிப்பை நாள்தோறும் ஏற்றுகிறவர் அலுவலகத்தில் இருப்பவர் என்பதால், முதல் இரண்டுக்கு ஒப்பந்தக்காரரின் அனுமதி தேவையில்லை என்று மறுபடியும் எழுதி அனுப்பியிருக்கிறேன்.