பூஜ்யத்திலிருந்து பத்து ரூபாய் வரை

தம்பிக்கு வயது 26, அறிவுசார் குறைபாடு உண்டு. கோத்தகிரி பக்கம் லைன் வீட்டில் இருந்தோம். இரண்டு வருடத்துக்கு முன் ஐப்பசி மழையில், நடுராத்திரி மண் சரிந்து பின்சுவரைத் தள்ளிவிட்டது. இடுப்பளவு சேற்றிலிருந்து அவனை இழுத்தெடுத்தோம். உடம்பில் ஒரு கீறல் இல்லை.

அப்புறம்தான் ஆரம்பித்தது. தகர ஷீட்டில் நாலு துளி விழுந்தால் போதும், டார்ச்சோடு கட்டிலுக்கடியில் போய்விடுவான். இழுத்தால் கடிப்பான். முதலில் பார்த்த டாக்டர், "இந்த மாதிரிப் பிள்ளைங்க அப்படித்தாம்மா" என்று தூக்க மாத்திரை எழுதினார். முன்னால் அவன் யாரையும் கடித்ததே இல்லை என்றேன், காதில் விழவில்லை. நீலகிரியில் 2009 நவம்பர் மண்சரிவுகளைப் பார்த்தவர்கள் இன்றும் மழை ராத்திரியில் விழித்திருந்தால் அது பயம். தம்பி செய்தால் குறைபாடு!

கோவையில் ஒரு உளவியலாளர் இ.எம்.டி.ஆர். செய்து பார்க்கலாம் என்றார். அதிர்ச்சி தந்த நினைவுகளின் பாரத்தைக் குறைக்க 1987-ல் அமெரிக்க உளவியலாளர் ஃபிரான்சின் ஷாப்பிரோ தொடங்கிய சிகிச்சை முறை, உலக சுகாதார நிறுவனம் 2013-ல் பரிந்துரைத்தது. நடந்ததை நினைத்தபடியே, இடவலமாக அசையும் விரலைக் கண்ணால் தொடர வேண்டும். தம்பி விரலை எட்டிப் பிடித்துக்கொண்டான். பயம் பூஜ்யத்திலிருந்து பத்துக்குள் எவ்வளவு என்றதற்கு, "பத்து ரூபா" என்றான். அந்தம்மா சிரித்துவிட்டு முறையையே மாற்றினார்.

எண்ணுக்குப் பதில் கைகள்: பயம் கூடினால் அகல விரிக்க வேண்டும். ஒரு மணி நேர சிகிச்சை 20 நிமிடமாகச் சுருங்கியது, நடுவில் டீ. முதல் மூன்று முறை சரிவைப் பற்றிப் பேச்சே இல்லை, பட்டாம்பூச்சி அணைப்பு மட்டும். கைகளை மார்பில் குறுக்காக வைத்து மாற்றி மாற்றித் தட்டுவது. மெக்சிகோவில் புயலில் தப்பிய குழந்தைகளோடு 1998-ல் லூசினா அர்திகாஸ் செய்து பார்த்ததாம். தம்பி அதைப் பஸ்ஸிலும் செய்தான்.

பிறகு அந்த ராத்திரியைக் கதையாக எழுதிவரச் சொன்னார். தொடக்கத்திலும் முடிவிலும் அவன் பத்திரமாக இருக்க வேண்டும். "தம்பி சாப்பிட்டுப் படுத்தான். சத்தம் கேட்டது. மண்ணு வந்தது. அக்கா கையைப் பிடிச்சா. இப்போ பெரியம்மா வீட்டில் டீ குடிக்கிறான்." நான் படிக்க, அந்தம்மா விரலை அசைப்பதற்குப் பதில், அவனிடம் கேட்டுவிட்டு அவன் முழங்கால்களை மாற்றி மாற்றித் தட்டினார். "மண்ணு வந்தது" என்றதும் தம்பி என் வாயைப் பொத்தினான்.

"டார்ச் இல்ல. தேடினேன்."

அதுவரை எங்களுக்கு இது தெரியாது. அந்த வரியையும் கதையில் சேர்த்தோம்.

மலைப்பாதையின் குஞ்சப்பனை வளைவுகளில் வாந்தி எடுத்துக்கொண்டே ஒன்பது தடவை போய்வந்தோம். கடைசியில் கைகளுக்கு நடுவே ஒரு சாண்தான் காட்டினான். இடி இடித்தால் இன்றும் கட்டிலுக்கடிதான். ஆனால் கடிப்பதில்லை, என்னையும் உள்ளே கூப்பிடுகிறான். டார்ச் பேட்டரியை மாதாமாதம் மாற்றிவிடுகிறேன்.