தெற்குத் தீவுகளில் கேட்ட கதைகள், கேட்காத கதை

நீண்ட வார இறுதி என்றாலே பாலிக்கும் புக்கெட்டுக்கும் விமானச் சீட்டுத் தேடும் சிங்கப்பூரர்களுக்கு, மரினா சவுத் பியரிலிருந்து அரை மணி நேரப் படகுப் பயணத்தில் தென்னை நிழலும் வெண்மணலும் இருப்பது பெரும்பாலும் நினைவுக்கு வருவதில்லை. இந்தத் தெற்குத் தீவுகளுக்குச் சென்று வரும் பழக்கம் எனக்குச் சில ஆண்டுகளாக உண்டு. கடலில் கால் நனைப்பதற்கென்று தொடங்கிய பழக்கம், இப்போது பெரும்பாலும் கதைகளுக்காகவே தொடர்கிறது.

கூசு தீவின் கதை பள்ளிப் பிள்ளைகளுக்கும் தெரியும். கப்பல் உடைந்து கடலில் தத்தளித்த மலாய்க்காரர் ஒருவரையும் சீனர் ஒருவரையும் காப்பாற்றுவதற்காகப் பேராமை ஒன்று தன்னையே தீவாக மாற்றிக்கொண்டது என்பார்கள். அங்குள்ள வழிபாடும் அந்தக் கதையைப் போலவே இரு சமூகத்தாருக்கும் உரியது. கீழே 1923ஆம் ஆண்டில் கட்டப்பட்ட துவா பெக் கோங் சீனக் கோயில் இருக்கிறது. 152 படிகள் ஏறினால் வரும் குன்றின் உச்சி, சையது அப்துல் ரஹ்மான் என்னும் இறையடியாருக்கும் அவருடைய தாயாருக்கும் சகோதரிக்கும் உரிய மூன்று கராமத்துகளின் (மலாய் முஸ்லிம்கள் போற்றும் புனிதத் தலங்களின்) இடம். நான் முதன்முதலாக ஏறியபோது கண்ணில் பட்டதெல்லாம் மஞ்சள் நிறமாகவே இருந்தது. 2022 ஏப்ரலில் மூண்ட தீ அந்தக் கராமத்துகளை எரித்துவிட்டது. குழந்தை வரம் கேட்டுத் தம்பதியர் இந்தக் குன்றை ஏறுவது நெடுநாள் வழக்கம். கோயில் மரத்தில் தொட்டில் கட்டியும் நாகூர் தர்காவுக்கு நேர்ந்துகொண்டும் பழகிய நம்மவர்களுக்கு இதை யாரும் விளக்கிச் சொல்லத் தேவையில்லை. இன்று எட்டரை ஹெக்டர் அளவுள்ள இந்தத் தீவு, 1975இல் கடலைத் தூர்த்துப் பெரிதாக்கப்படும் வரை நீருக்கு மேலே தலைகாட்டிய இரண்டு சிறு திட்டுகளாகத்தான் இருந்தது என்பதை அறிந்தால், கதையில் வரும் ஆமை ஏன் அவ்வளவு பொருத்தமாக இருக்கிறது என்பதும் விளங்கும். அங்குள்ள ஆமைக் காப்பகத்தில் ஒன்றன் முதுகில் ஒன்று ஏறிக் கிடக்கும் ஆமைகளுக்கோ தம் குலப்பெருமை பற்றிய கவலை இல்லை. கீரைத் தண்டு கிடைக்கும் பக்கம் கழுத்தை நீட்டுவதோடு சரி.

சிஸ்டர்ஸ் தீவுகளின் கதை இதைவிடச் சோகமானது. மீனா, லீனா என்ற சகோதரிகளுள் இளையவளை, ஓராங் லாவுட் என்னும் கடலோடி மக்களின் தலைவன் ஒருவன் வலுக்கட்டாயமாக மணமுடிக்கப் படகில் ஏற்றிச் செல்கிறான். பின்னாலேயே நீந்திய அக்காள் புயலில் மூழ்க, தங்கையும் கடலில் குதிக்கிறாள். மறுநாள் அந்த இடத்தில் இரண்டு தீவுகள் எழுந்து நிற்கின்றன. இரண்டுக்கும் இடையே ஓடும் நீரோட்டம் உண்மையிலேயே கடுமையானது. பிள்ளைகளை அந்தப் பக்கம் நீந்தவிடாமல் தடுப்பதற்காகவே ஏதோ ஒரு பாட்டி கட்டிய கதையாக இருக்கலாம் என்பது என் ஊகம். 2014இல் கடல் பூங்காவாக அறிவிக்கப்பட்ட இந்தத் தீவுகளில், பெரிய தீவு சீரமைப்புப் பணிகளுக்குப் பிறகு 2024 அக்டோபரில் மீண்டும் திறக்கப்பட்டது. பவளத்தைப் பார்க்க விரும்புவோர் கடல் வற்றும் நேரத்தை முன்கூட்டியே பார்த்துவிட்டுப் போவது நல்லது.

ஆனால் தமிழர் ஒருவர் ஒரே ஒரு தீவுக்குத்தான் போக முடியும் என்றால், நான் செயின்ட் ஜான்ஸ் தீவைத்தான் சொல்வேன். நவீன சிங்கப்பூரை நிறுவிய பிரிட்டிஷ் அதிகாரி ராஃபிள்ஸ் 1819 ஜனவரியில் கரையிறங்குவதற்கு முன் அவருடைய கப்பல் நங்கூரமிட்டது இதன் அருகில்தான் என்று வழிகாட்டிகள் தவறாமல் சொல்வார்கள். 1873இல் சிங்கப்பூரில் பரவிய காலராவுக்குப் பின், 1874இல் இங்கே தொற்றுநோய்த் தடுப்பு முகாம் அமைக்கப்பட்டது. நாகப்பட்டினத்திலும் சென்னையிலும் கப்பலேறி வந்த நம் முன்னோரில் எத்தனையோ பேர், சிங்கப்பூர் மண்ணை மிதிப்பதற்கு முன் மிதித்த மண் இதுதான். சீனாவிலிருந்து வந்தோரும், மக்காவிலிருந்து ஹஜ் முடித்துத் திரும்பியோரும் இதே முகாமில் தங்க வைக்கப்பட்டார்கள்.

இரண்டாம் உலகப் போருக்கு முன்பே, அறை இல்லாமல் கப்பலின் தளத்திலேயே பயணம் செய்யும் டெக் பயணியாக வந்த என் தாத்தா, இந்தத் தீவைப் பற்றிப் பேசும்போதெல்லாம் முதலில் சொல்வது துணிமூட்டையைப் பற்றித்தான். மூட்டையைப் பிடுங்கி நீராவியில் போட்டு எடுத்தார்களாம். கொடுத்தனுப்பிய புது வேட்டி கசங்கிய காகிதமாகத் திரும்பி வந்ததாம். ஆண்களை வரிசையாக நிற்க வைத்து மருந்து கலந்த தண்ணீரில் குளிக்கச் செய்ததையும், அந்த நெடி சோற்றுக் கையிலும் அடித்ததையும் சிரித்துக்கொண்டேதான் சொல்வார். "ராத்திரியானா எதிர்க்கரையில சிங்கப்பூர் விளக்கெல்லாம் தெரியும்ப்பா, போகத்தான் விடமாட்டான்" என்று சொல்லும்போது மட்டும் சிரிப்பு நின்றுவிடும்.

பிற்காலத்தில் இதே தீவில் பிரிட்டிஷார் அரசியல் கைதிகளை அடைத்து வைத்தார்கள். 1951இல் பிடிபட்ட தேவன் நாயரும் அவர்களுள் ஒருவர், பின்னாளில் நாட்டின் அதிபரானவர். அபின் பழக்கத்துக்கு அடிமையானோருக்கான மறுவாழ்வு மையமும் இங்கு இருந்தது. தீவில் இப்போது நம்மை எதிர்கொள்வது மரநிழலில் படுத்திருக்கும் பூனைகள்தாம். ஆமையும் சகோதரிகளும் சுற்றுலா வழிகாட்டிகளின் வாயில் நன்றாகவே வாழ்கிறார்கள். தாத்தாவின் மூட்டைக் கதை போன்றவற்றை அவர்கள் வாயிலிருந்து நான் இதுவரை கேட்டதில்லை. அவை நம் வீட்டுக் கூடங்களிலேயே சொல்லப்பட்டு, சொன்னவர்களோடு போய்விடுகின்றன.

செயின்ட் ஜான்ஸிலிருந்து இணைப்புப் பாதை வழியே நடந்தால் லாசரஸ் தீவு. பிறை வடிவக் கடற்கரை, வெளியிலிருந்து கொண்டுவந்து கொட்டிய மணல், வார இறுதியில் வரிசைகட்டி நிற்கும் சொகுசுப் படகுகள். அழகுதான், சொல்வதற்குக் கதை ஏதும் இல்லாத அழகு. குளிக்க ஏற்ற இடம் என்பதால் பிள்ளைகள் அங்கிருந்து கிளம்ப மறுப்பார்கள்.

போகிறவர்கள் தண்ணீரையும் கட்டுச்சோற்றையும் கையோடு கொண்டு போய்விடுங்கள்; கடையை நம்பிப் போக வேண்டாம். புளிச்சோறு வெயிலைத் தாங்கும். சீன நாட்காட்டியின் ஒன்பதாம் மாதத்தில் கூசுவுக்கு யாத்திரிகர்கள் திரள்வார்கள் என்பதால், கூட்டம் பிடிக்காதவர்கள் அந்த மாதத்தைத் தவிர்க்கலாம். திரும்பும் கடைசிப் படகின் நேரத்தைப் போகும்போதே கேட்டு வைத்துக்கொள்ளுங்கள். கூசுவில் இரவு தங்க அனுமதி கிடையாது.